பிஸ்டன் ஏன் பிடித்துக்கொள்கிறது?

சேற்றிலும் மணலிலும் மலைச் சரிவிலும் ஓட்டுவதற்கென்றே செய்யப்பட்ட மோட்டார் சைக்கிள்களை நீங்கள் படங்களிலாவது பார்த்திருப்பீர்கள். சக்கரத்திற்கு வெகு உயரத்தில் மட்கார்டு, கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர், மெலிந்த உடல். ஆஸ்திரியா நாட்டில் எர்ட்ஸ்பெர்க் என்றொரு இரும்புச் சுரங்க மலை இருக்கிறது. அங்கே 1995-ஆம் ஆண்டில் தொடங்கிய பந்தயம் ஒன்று நடைபெற்று வருகிறது. இறுதிச் சுற்றில் 500 பேர் இத்தகைய வண்டிகளில் புறப்படுகிறார்கள். நான்கு மணி நேரக் கெடுவுக்குள் எல்லைக் கோட்டைத் தொடுபவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலரில் பலர் ஏறியிருப்பது, சாலைகளிலிருந்து ஏறக்குறைய மறைந்துபோன ஓர் எந்திரத்தின் மீது. அதுதான் பட்டறைகளில் 'டூ ஸ்ட்ரோக்' என்று சொல்லப்படும் இருவீச்சு எந்திரம்.

நம் நாட்டில் 1985 முதல் 1996 வரை தயாரிக்கப்பட்ட ஆர்.எக்ஸ். 100 வண்டியின் ஓசையை அறிந்தவர்களுக்கு இந்த எந்திரத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வயலில் மருந்தடிக்கும் விசைத் தெளிப்பான்கள் பலவற்றிலும் இதன் சிறிய உருவம் இருக்கிறது. எடை குறைவு, உறுப்புகள் குறைவு, முறுக்கினால் உடனே பாயும் வேகம் ஆகியவை இதன் சிறப்புகள். இதற்கென்றே ஒரு நோயும் உண்டு. முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பிஸ்டன் திடீரென்று சிலிண்டரோடு ஒட்டிக்கொள்கிறது. பின்சக்கரம் அந்த நொடியே சுழலாமல் நின்றுவிடுகிறது. செங்குத்தான சரிவில் இது நேர்ந்தால் ஓட்டுபவர் தூக்கி எறியப்படுவார். அதனால்தான் பழகிய ஓட்டுநர்கள் எப்போதும் ஒரு விரலைக் கிளட்ச் பிடியின் மீது வைத்திருப்பார்கள். எந்திரத்தின் குரல் சற்றுத் தடித்தாலும் அந்த விரல் கிளட்சை இழுத்துவிடும்.

பிடித்துப்போன எந்திரத்தைத் திறந்து, பழைய பிஸ்டனை வீசிவிட்டுப் புதியதை மாட்டினால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி மாட்டிய புதிய பிஸ்டன் சில மணி நேரத்தில் அதே இடத்தில் அதே காயத்தோடு வெளியே வருவது உண்டு. பழைய பிஸ்டனைக் கெடுத்த காரணம் அப்படியே உள்ளே இருந்ததுதான் இதற்குக் காரணம். அந்தக் காரணம் என்ன என்பதைக் கெட்டுப்போன பிஸ்டனே காட்டுகிறது. காயம் எந்தப் பக்கம், என்ன வடிவம், என்ன நிறம் என்று பார்க்கத் தெரிந்திருந்தால் போதும். ஆகவே கழற்றிய பிஸ்டனை அவசரப்பட்டுப் பெட்ரோலில் கழுவிவிடாதீர்கள். திருட்டுப்போன வீட்டைப் பெருக்கித் துடைத்துவிட்டுக் கைரேகை நிபுணரை அழைப்பதற்கு ஒப்பாகும் அது.

கதவாக வேலை செய்யும் பிஸ்டன்

காயங்களைப் படிப்பதற்கு முன், இந்த எந்திரம் வேலை செய்யும் முறையைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோசப் டே 1891-இல் காப்புரிமை பெற்ற அமைப்பே இன்றைய இருவீச்சு எந்திரங்களின் மூதாதை. நான்கு வீச்சு எந்திரத்தில் இருப்பதுபோல மேலும் கீழும் அசையும் வால்வுகள் இதில் இல்லை. சிலிண்டரின் சுவரிலேயே வாயில்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. பிஸ்டன் ஏறி இறங்கும்போது அதன் உடம்பே அவற்றை மூடியும் திறந்தும் விடுகிறது. பிஸ்டன் மேலே போகையில், அதற்குக் கீழே உள்ள கிராங்க் அறை காற்றையும் பெட்ரோலையும் உறிஞ்சுகிறது. கீழே வருகையில் அந்தக் கலவை அமுக்கப்பட்டு, மாற்று வாயில்கள் வழியாகப் பிஸ்டனின் தலைக்கு மேலே போய்ச் சேருகிறது. எரிந்த வாயு எதிர்ப்புறம் உள்ள வெளியேற்று வாயில் வழியே ஓடுகிறது.

இதிலிருந்து சில விளைவுகளைக் கவனியுங்கள். முதலாவதாக, தண்டு ஒருமுறை சுற்றினால் ஒருமுறை எரிதல் நடக்கிறது. பந்தய வண்டி நிமிடத்திற்கு 11,000 சுற்றுகளில் ஓடினால், நொடிக்கு 183 முறை பிஸ்டனின் தலை மீது தீ மூளுகிறது. நான்கு வீச்சு எந்திரத்தில் இதில் பாதிதான். இரண்டாவதாக, பிஸ்டனின் ஒரு பக்கம் எப்போதும் சூடான வெளியேற்று வாயிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மறுபக்கத்தைக் குளிர்ந்த புதுக் கலவை தழுவுகிறது. ஒரே உலோகத்தின் இரு பக்கங்களுக்கு இரு வேறு தட்பவெப்பம். மூன்றாவதாக, கிராங்க் அறை கலவையின் வழிப்பாதையாக இருப்பதால் அங்கே எண்ணெயைத் தேக்கி வைக்க முடியாது. பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெய்தான் பிஸ்டனுக்குக் கிடைக்கும் மசகு. 40-க்கு 1 என்ற விகிதத்தில் கலந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 25 மில்லிலிட்டர் எண்ணெய். பெட்ரோல் வருவது நின்றால் எண்ணெயும் நின்றது.

இந்தக் கடைசி விளைவு பல விபத்துகளுக்குக் காரணம். நீண்ட இறக்கத்தில் கியரைப் போட்டுவிட்டு, முறுக்கை முழுவதும் மூடியபடி இறங்கும் ஓட்டுநர் எந்திரத்துக்கு ஓய்வு கொடுப்பதாக எண்ணுகிறார். உண்மையில் சக்கரம் எந்திரத்தை வேகமாகச் சுழற்றுகிறது, எண்ணெயோ வருவதில்லை. அனுபவசாலிகள் இத்தகைய இறக்கத்தில் கிளட்சை இழுத்துக்கொண்டு அவ்வப்போது முறுக்கைச் சற்றுத் திறந்து மூடுவார்கள்.

முடியின் பருமன் உள்ள இடைவெளி

யமஹா ஒய்.இசட். 125 என்ற பந்தய வண்டியை எடுத்துக்கொள்வோம். இதன் சிலிண்டர் குறுக்களவு 54 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 54.5 மில்லிமீட்டர். 11,000 சுற்றுகளில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். இந்த வேகத்தில் ஓடும் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் குளிர்ந்த நிலையில் விடப்படும் இடைவெளி, குறுக்களவில் சுமார் 0.05 மில்லிமீட்டரே. மெல்லிய தலைமுடியின் பருமன்தான் அது.

இப்போது ஒரு சிறு கணக்கு. பிஸ்டன் செய்யப்படும் அலுமினியம்-சிலிக்கன் கலப்புலோகம் 54 மில்லிமீட்டர் குறுக்களவில் 100 டிகிரி சென்டிகிரேடு சூடேறினால் சுமார் 0.11 மில்லிமீட்டர் விரியும். அதே அளவு வார்ப்பிரும்பு அதே சூட்டில் சுமார் 0.06 மில்லிமீட்டர்தான் விரியும். சிலிண்டர் விரியாமல் பிஸ்டன் மட்டும் விரிந்தால், விட்ட இடைவெளி முழுவதும் போய்விடும் என்பது தெளிவு. எல்லாம் ஒழுங்காக இருக்கும்போது சிலிண்டரும் சூடேறி உடன் விரிகிறது. இடைவெளி ஓரளவு நிலைக்கிறது. தலைப்பகுதி மிகுதியாகச் சூடேறும் என்பதால் அதைச் சற்றுச் சிறிதாகவும், கீழே போகப்போகச் சற்றுப் பெரிதாகவும் கடைவார்கள். குறுக்கே வெட்டிப் பார்த்தாலும் அது சரியான வட்டம் அன்று. பிஸ்டன் பின் செல்லும் திசையில் ஒடுங்கிய நீள்வட்டம். கண்ணுக்கு உருளையாகத் தெரியும் பிஸ்டன், சூடேறிய பிறகுதான் உண்மையில் உருளையாகிறது.

இடைவெளி போனால் எண்ணெய்ப் படலம் கிழிகிறது. உலோகம் உலோகத்தோடு உராய்கிறது. உராய்வால் சூடு, சூட்டால் மேலும் விரிவு, விரிவால் மேலும் உராய்வு என்று சுழல்கிறது. மென்மையான அலுமினியம் உருகி இழுபட்டுச் சிலிண்டர் சுவரில் அப்பிக்கொள்கிறது. பிடித்துக்கொள்ளுதல் என்பது இதுவே.

கோடுகள் எந்தப் பக்கம்?

பிஸ்டனைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். தலையில் உள்ள அம்புக்குறி வெளியேற்று வாயிலைக் காட்டும். அதைத் திசைகாட்டியாக வைத்துக்கொண்டு, மேலிருந்து கீழாக ஓடும் கீறல்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள்.

கீறல்கள் நான்கு இடங்களில், பிஸ்டன் பின்னின் இரு முனைகளுக்கும் இருபுறத்திலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தால், பிஸ்டன் சிலிண்டரை முந்திக்கொண்டு விரிந்திருக்கிறது. பின்னைத் தாங்கும் இடங்களில் உலோகம் தடிமனாக இருப்பதால், விரிவு அங்கேதான் அதிகம் தள்ளுகிறது. காலையில் உதைத்துக் கிளப்பிய உடனே முழு முறுக்கில் பாய்ந்தவரின் வண்டியில் இந்த அடையாளம் இருக்கும். பிஸ்டன் சில நொடிகளில் சூடேறிவிடும். நீர் சூழ்ந்த சிலிண்டரோ மெதுவாகத்தான் சூடேறும். சில நிமிடங்கள் மெதுவாக ஓடவிட்டு, ரேடியேட்டர் நன்றாகச் சூடான பிறகு முறுக்கியிருந்தால் இந்தப் பிஸ்டன் பிழைத்திருக்கும். ஆற அமரச் சூடேற்றியும் இதே காயம் வந்தால், இடைவெளியே போதாமல் பொருத்தப்பட்டிருக்கிறது என்று கொண்டு மைக்ரோமீட்டரை எடுக்கவேண்டும்.

கீறல்கள் வெளியேற்று வாயிலின் பக்கம் மட்டும் பரவலாக இருந்தால் கதை வேறு. அந்தப் பக்கம்தான் மிகச் சூடானது. சூடு எல்லை மீறும்போது முதலில் எண்ணெய் எரிந்துபோகும் இடமும் அதுவே. பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த மெலிந்த கலவையைத்தான் இங்கே முதலில் சந்தேகிக்கவேண்டும். கார்புரேட்டரின் ஜெட் சிறியதாக இருக்கலாம். அதில் தூசு அடைத்திருக்கலாம். எங்காவது காற்று கசிந்து உள்ளே வரலாம்.

ஜெட் சரியாகவே இருந்தும் கலவை மெலியக்கூடும். கார்புரேட்டர் காற்றை எடை போட்டுப் பார்ப்பதில்லை. கடல் மட்டத்திலிருந்து 1,609 மீட்டர் உயரத்தில் உள்ள அமெரிக்காவின் டென்வர் நகரில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிடச் சுமார் 15 விழுக்காடு குறைவு. அங்கே கச்சிதமாக ஓடும்படி சிறிய ஜெட் பொருத்திய வண்டியைக் கடற்கரை ஊருக்குக் கொண்டுவந்து முறுக்கினால், அடர்ந்த காற்றுக்குப் போதிய பெட்ரோல் வராது. குளிர்ந்த காற்றும் அடர்ந்ததே. நண்பகலில் நன்றாக ஓடிய வண்டி மறுநாள் பனிக்காலையில் பிடித்துக்கொள்வதற்கு இது ஒரு காரணம். மணல் தடங்களில் எந்திரம் நெடுநேரம் முழுச் சுமையில் ஓடவேண்டியிருப்பதால், அங்கே போகும்போது ஒரு படி பெரிய ஜெட்டைப் பொருத்துவது மெக்கானிக்குகளின் வழக்கம். கே.டி.எம். நிறுவனம் 2017-இல் வெளியிட்ட எரிபொருள் உட்செலுத்தும் இருவீச்சு வண்டிகள் இந்தத் திருத்தத்தை உணர்விகளின் துணையால் தாமே செய்துகொள்கின்றன. கார்புரேட்டர் வண்டிகளில் மனிதன்தான் செய்யவேண்டும்.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். பாதுகாப்புக்காக என்று கூடுதல் எண்ணெய் கலப்பவர்கள் பெட்ரோலைச் சற்றுக் குறைக்கிறார்கள். 40-க்கு 1 கலவையில் பெட்ரோல் 97.6 விழுக்காடு, 20-க்கு 1 கலவையில் 95.2 விழுக்காடு. அதே ஜெட் வழியாக வருவது இந்தக் கலவைதான். எனவே எண்ணெயைக் கூட்டினால் எரிபொருள்-காற்றுக் கலவை சிறிது மெலிகிறது! வேறுபாடு சிறியதே, ஆனால் விளிம்பில் நிற்கும் எந்திரத்துக்கு அது போதும்.

சில சிலிண்டர்களில் வெளியேற்று வாயில் மிக அகலமாக இருப்பதால் நடுவே ஒரு மெல்லிய தூண் விடப்பட்டிருக்கும். இருபுறமும் சூடான வாயு தழுவும் இந்தத் தூண் சூடேறி உட்புறமாகப் புடைக்கும். பிஸ்டனில் வெளியேற்றுப் பக்கத்தின் நட்ட நடுவில் ஒற்றைக் கீறல் மட்டும் இருந்தால், அது இந்தத் தூண் இழுத்த கோடு. இதைத் தவிர்க்கத் தூணுக்கு நேராகப் பிஸ்டனில் சிறு துளைகள் இட்டு, உள்ளிருந்து எண்ணெய் கசியும்படி செய்வார்கள்.

உள்ளிழு வாயிலின் பக்கம் கீறல் இருந்தால்? அந்தப் பக்கம்தான் மிகக் குளிர்ந்தது. மிகக் குளிர்ந்த பக்கம் காயப்பட்டிருக்கும்போது சூட்டின் மீது பழி போடுவது பொருந்தாது. எண்ணெய்ப் படலமே அங்கே இல்லை என்பதுதான் பொருள். நீர் நிறைந்த ஓடையைக் கடந்தபோதோ, வண்டியைக் கழுவியபோதோ காற்று வடிகட்டி நனைந்து, நீர் உள்ளே போய்ப் படலத்தைக் கழுவியிருக்கலாம். சுற்றிலும் எல்லாப் பக்கமும் கீறல் என்றால், எண்ணெய் கலக்க மறந்த வெறும் பெட்ரோலா என்று கேனை முகர்ந்து பாருங்கள். ரேடியேட்டரில் நீர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்பிய அலுமினியத்தால் சிலிண்டர் கெட்டுவிட்டது என்று உடனே முடிவு கட்டவேண்டாம். பழைய வார்ப்பிரும்புச் சிலிண்டர் என்றால் போர் செய்து, ஒரு அளவு பெரிய பிஸ்டன் போடலாம். இன்றைய பந்தய வண்டிகளின் சிலிண்டர்கள் அலுமினியத்தாலானவை. அவற்றின் உட்சுவரில் நிக்கல்-சிலிக்கன் கார்பைடு பூச்சு இருக்கும். ஜெர்மனியின் மாலே நிறுவனம் 1967-இல் அறிமுகப்படுத்திய 'நிக்கசில்' என்ற பூச்சே இவ்வகைக்கு முன்னோடி. இதைப் போர் செய்ய முடியாது. ஆனால் பூச்சு மிகக் கடினமானது. மேலே ஒட்டிய அலுமினியத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலம் தோய்த்த பஞ்சால் கரைத்து எடுத்துவிட்டால், அடியில் பூச்சு அப்படியே இருப்பது உண்டு. பூச்சில்லாத அலுமினியத்தில் அமிலம் பட்டால் சிலிண்டரே அரிக்கப்படும், புகையும் கெடுதலானது. பழகிய கைகள் செய்யவேண்டிய வேலை இது.

ஓசையில்லாமல் தின்னும் தூசி

பிடித்துக்கொள்ளுதல் ஆரவாரமாக நடக்கும். தூசி தின்பது அப்படியன்று. வண்டி நாளுக்கு நாள் சற்றுச் சோர்கிறது, கிளப்பக் கூடுதலாக உதைக்கவேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

சாலைக்கு வெளியே ஓடும் வண்டி, முன்னே செல்பவர் கிளப்பிய புழுதியையே மூச்சாக இழுக்கிறது. அந்தப் புழுதியில் பெரும்பங்கு குவார்ட்ஸ் மணல். கடினத்தை அளக்கும் மோஸ் அளவையில் குவார்ட்ஸுக்கு 7. அலுமினியத்துக்கு 3-க்கும் குறைவு. அரைக்கும் பொடி உள்ளே போவதற்குச் சமம். அடையாளம் இதுதான்: பிஸ்டனின் கீழ்ச்சுவர், முக்கியமாக உள்ளிழு வாயிலின் பக்கம், பளபளப்பு இழந்து சாம்பல் நிறத்தில் மங்கியிருக்கும். புதிய பிஸ்டனில் விரல் நகத்தால் உணரக்கூடிய மெல்லிய கடைசல் வரிகள் அங்கே அழிந்துபோயிருக்கும். ஒட்டிய அலுமினியம் இராது, தேய்மானம் மட்டுமே. தேய்ந்த பிஸ்டன் சிலிண்டருக்குள் ஆடும். ஆடி ஆடிக் கீழ்ச்சுவரின் அடியில் விரிசல் கண்டு, ஒரு நாள் துண்டு உடைந்து கிராங்க் அறைக்குள் விழும்.

காற்று வடிகட்டியைத் தாண்டிய குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மண் ஏறினால் வடிகட்டி தன் வேலையைச் செய்யவில்லை. நுரை வடிகட்டிக்குப் பசையுள்ள எண்ணெய் பூசாததும், அதன் விளிம்பு சரியாக அமராததும்தான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். இன்னொன்றையும் மறக்கக்கூடாது. இந்த எந்திரத்தில் காற்று முழுவதும் கிராங்க் அறை வழியாகவே வருகிறது. பிஸ்டனைத் தின்ற மணல், வழியில் கிராங்க் தண்டின் பேரிங்குகளையும் தொட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறது. தூசியால் தேய்ந்த பிஸ்டனை மட்டும் மாற்றி மூடுவது அரை வேலை.

தலையில் அரிப்பும் ஓட்டையும்

தூய அலுமினியம் 660 டிகிரியில் உருகும். பிஸ்டனுக்குப் பயன்படும் சிலிக்கன் கலந்த உலோகம் 577 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். எரியும் வாயுவின் வெப்பமோ 2,000 டிகிரிக்கும் மேல். அப்படியானால் பிஸ்டன் எப்படிப் பிழைக்கிறது? உலோகத்தை ஒட்டி மிக மெல்லிய, அசைவற்ற வாயுப் படலம் ஒன்று போர்வைபோல் கிடக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் புதுக் கலவை வந்து தலையின் மேலும் கீழும் குளிர்விக்கிறது. ஏறிய சூடு வளையங்கள் வழியாகவும் சுவர் வழியாகவும் சிலிண்டருக்கு இறங்குகிறது.

இந்தப் போர்வையைக் கிழிப்பதுதான் நாக்கிங். பிளக்கின் பொறியிலிருந்து தீ ஒழுங்காகப் பரவும்போது, ஓரத்தில் மிஞ்சியிருக்கும் எரியாத கலவை அமுக்கப்பட்டுச் சூடேறுகிறது. தீ வந்து சேரும் முன்பே அது முழுவதும் ஒரே கணத்தில் தானாக வெடித்தால் அழுத்த அலை எழுந்து சுவரில் மோதுகிறது. போர்வை விலகி, வெற்று உலோகத்தைச் சூடு தாக்குகிறது. பிஸ்டனின் விளிம்பில், பெரும்பாலும் வெளியேற்றுப் பக்கத்தில், கறையான் அரித்ததுபோலக் குழிகுழியாகத் தெரிவது இதன் கைவரிசை. முற்றினால் விளிம்பு கரைந்து வளையம் வெளியே தெரியும். வளையங்களுக்கு மேலுள்ள உலோகம் உடையும். சாலை வண்டியில் இதன் டிக் டிக் ஒலி காதில் விழும். பந்தய வண்டியின் இரைச்சலில் எதுவும் கேட்காது. பிஸ்டனின் விளிம்புதான் சொல்லவேண்டும். ஆக்டேன் எண் குறைந்த பெட்ரோல், முன்கூட்டியே விழும் பொறி, தலையைச் சீவி உயர்த்திய அமுக்க விகிதம், மெலிந்த கலவை ஆகியவை இதற்குரிய காரணங்கள்.

விளிம்பு நன்றாக இருந்து நடுத்தலையில் உருகிய ஓட்டை விழுந்திருந்தால், பொறிக்கு முன்பே ஏதோ ஒன்று கலவையைக் கொளுத்தியிருக்கிறது. பொருத்தமற்ற சூட்டு எண் கொண்ட பிளக்கின் முனையோ, சிவந்து கனலும் கரித் துணுக்கோ அதைச் செய்யும். பிஸ்டன் மேலே ஏறிவரும்போதே தீ மூண்டுவிடுவதால், அது தன் மேல் எரியும் தீயையே அமுக்கவேண்டியிருக்கிறது.

தலையைத் திருப்பி அடிப்புறத்தையும் பாருங்கள். அங்கே இளம் பழுப்பு நிறம் இருந்தால் நலம். கறுத்துப் பொருக்குத் தட்டியிருந்தால் அங்கு தெறித்த எண்ணெய் கருகும் அளவுக்குத் தலை சூடேறியிருக்கிறது. கீறல் எதுவும் விழாத பிஸ்டன்கூட இவ்வாறு முன்னறிவிப்புத் தரும். அதேபோல் மேற்புறத்தில் மாற்று வாயில்களை ஒட்டிய இடங்கள் மட்டும் கரி படியாமல் கழுவியதுபோல் இருப்பது இயல்பு. கழுவிய இடமே இல்லாமல் எங்கும் காய்ந்த கரி என்றால் கலவை மெலிவு. தலை முழுவதும் ஆவியில் கழுவியதுபோல் பளிச்சென்று இருந்தால் மகிழவேண்டாம். தலைக் கேஸ்கெட் வழியாக ரேடியேட்டர் நீர் உள்ளே கசிகிறது.

வளையங்களின் கணக்கு

வளையம் தன் விறைப்பால் மட்டும் சிலிண்டரை அழுத்துகிறது என்று நினைப்பது பாதி உண்மை. எரிந்த வாயு வளையக் காடிக்குள் புகுந்து, வளையத்தைப் பின்னாலிருந்து வெளியே தள்ளுகிறது. கரி அடைத்து வளையம் காடியில் ஒட்டிக்கொண்டால் இந்த உதவி போய்விடும். சூடான வாயு வளையத்தைத் தாண்டிக் கீழே கசியும். வளையத்துக்குக் கீழே சுவரில் பழுப்பும் கறுப்புமாகப் படிந்த கறை இதைக் காட்டும். சக்தி குறைவதோடு, சூடு இறங்கும் பாதையும் அடைபடுவதால் அடுத்து வருவது பிடித்துக்கொள்ளுதலே. காடியில் கரி சேராதிருக்க ஆப்புப்போலச் சரிந்த குறுக்குவெட்டுள்ள வளையங்களைப் பல எந்திரங்களில் பயன்படுத்துகிறார்கள்.

தேய்மானத்தை அளக்க எளிய வழி உண்டு. வளையத்தை மட்டும் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனால் தள்ளி நேராக அமர்த்துங்கள். அதன் இரு முனைகளுக்கும் இடையிலுள்ள வெளியை ஃபீலர் கேஜால் அளவுங்கள். 54 மில்லிமீட்டர் சிலிண்டரில் புதிய வளையத்துக்கு இது கால் மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். வளையத்தின் முகம் தேயத் தேய இந்த வெளி அகலும். எவ்வளவு? வட்டத்தின் சுற்றளவு ஆரத்தின் 2π மடங்கு அல்லவா? ஆகவே முகத்தில் 0.01 மில்லிமீட்டர் தேய்ந்தால் வெளி 0.063 மில்லிமீட்டர் கூடும். நேரடியாக அளப்பதற்கு அரிய தேய்மானத்தை ஆறு மடங்குக்கு மேல் பெருக்கிக் காட்டும் கருவியாக வளையமே அமைந்துவிடுகிறது. சிலிண்டர் தேய்ந்திருந்தாலும் வெளி கூடும். எனவே புதிய வளையத்தையும் ஒருமுறை வைத்துப் பார்த்தால் குற்றம் யாருடையது என்று தெரியும்.

முனை உடைந்த வளையங்களும் வரும். வளையம் சுழன்று அதன் முனை வாயிலுக்குள் விரிந்து மாட்டிக்கொள்ளாதபடி, காடியில் ஒரு சிறு ஊசியை அடித்து முனைகளை அதன் இருபுறமும் நிறுத்தியிருப்பார்கள். ஊசி தளர்ந்தாலும், மறுபூச்சு செய்தபின் வாயில்களின் கூரிய ஓரங்களை மழுக்காமல் விட்டாலும் வளையம் நொறுங்கும். துண்டுகள் மேலே போய்த் தலையைக் கொத்தும்.

பின்னின் முனைக்கு நேராக, சிலிண்டரில் உளியால் வெட்டியதுபோல் ஒரே பள்ளம் ஓடினால் அது சர்க்லிப் கழன்ற வேலை. அரை கிராம்கூட எடையில்லாத கம்பிதான். ஆனால் 11,000 சுற்றுகளில் பிஸ்டன் மேலே நின்று திரும்பும்போது ஏற்படும் முடுக்கம் புவியீர்ப்பின் சுமார் 4,000 மடங்கு. அப்போது அந்த அரை கிராம் இரண்டு கிலோகிராமாக இழுக்கும். சர்க்லிப்பின் திறந்த வாய் மேலேயோ கீழேயோ பார்த்திருந்தால் தாங்கும்; பக்கவாட்டில் இருந்தால் இந்த இழுப்பே அதைச் சுருக்கிக் காடியிலிருந்து வெளியே எடுத்துவிடும். ஒருமுறை கழற்றியதை மீண்டும் போடக்கூடாது.

கண்ணுக்குத் தெரியாத கசிவு

வெளியேற்றுப் பக்கம் பிடித்த பிஸ்டன், ஜெட் சரி, பெட்ரோல் நல்லது, எண்ணெயும் கலந்திருக்கிறது. இப்படிப்பட்ட வண்டிதான் மெக்கானிக்கைத் திணறவைக்கும். இரண்டாவது பிஸ்டனையும் மூன்றாவதையும் விழுங்குவது பெரும்பாலும் இதுவே. முறுக்கை மூடிய பிறகும் எந்திரம் உடனே வேகம் தணியாமல் சற்று நேரம் இரைந்துகொண்டிருந்ததா என்று ஓட்டுபவரைக் கேளுங்கள். ஆம் என்றால், கார்புரேட்டரைக் கடக்காத காற்று எங்கோ உள்ளே புகுகிறது.

கிராங்க் தண்டின் இரு முனைகளிலும் ரப்பர் ஆயில் சீல்கள் உண்டு. கியர் பெட்டிப் பக்கத்துச் சீல் கெட்டால் கியர் எண்ணெய் உள்ளே உறிஞ்சப்படும். வெள்ளைப் புகை வரும், பிளக் நனையும், கியர் எண்ணெயின் மட்டம் குறையும், எளிதில் பிடிபட்டுவிடும். மேக்னட்டோப் பக்கத்துச் சீல் கெட்டால் புகையும் இல்லை, கறையும் இல்லை. காற்று மட்டும் நுழையும், கலவை மெலியும்.

இதைக் கண்டுபிடிக்க எந்திரத்தைப் பிரிக்கும் முன்பே ஒரு சோதனை செய்யலாம். வெளியேற்று வாயிலையும் கார்புரேட்டர் பொருந்தும் வாயையும் இறுக்கமாக அடைத்துவிட்டு, பிஸ்டனைக் கீழே இறக்கி வையுங்கள். அப்போது மாற்று வாயில்கள் திறந்து, சிலிண்டரும் கிராங்க் அறையும் ஒரே அறையாகிவிடும். பிளக் துளை வழியாகக் கைப்பம்பினால் சுமார் 0.4 பார் அழுத்தம் மட்டும் ஏற்றுங்கள். அதற்கு மேல் போனால் நல்ல சீலும் பிதுங்கிவிடும். அளவியின் முள் சில நிமிடங்கள் அசையாமல் நின்றால் கசிவில்லை. விழுந்தால், சோப்பு நீரைச் சிலிண்டரின் அடிக் கேஸ்கெட்டில், ரீட் வால்வின் இணைப்பில், தலையின் ஓரத்தில் தடவிக்கொண்டே வாருங்கள். கியர் பெட்டியின் மூச்சுக் குழாயிலும் குமிழி வருகிறதா என்று பாருங்கள். கடைசியாக மேக்னட்டோவைக் கழற்றி அதன் பின்னே தடவுங்கள். அங்கே குமிழி எழுந்தால், புதிய பிஸ்டனைப் பெட்டியிலிருந்து எடுக்கும் முன் மாற்றவேண்டியது அந்தச் சிறு ரப்பர் சீல்தான்.